எதுவும் ஊற்றாத தட்டு

மொண்டேவீடியோ
மார்ச் 9

வில்மார் அண்ணாவுக்கு,

எதுவும் ஊற்றாத தட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. மறந்துவிடுவேன் என்று இதை முதலில் எழுதுகிறேன். இனி முறைப்படி கேட்கிறேன். நீ சுகமா? அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றிலிருக்கும் பிள்ளை உதைக்கத் தொடங்கிவிட்டதா? பண்ணையில் மழை உண்டா? நானும் நீபியா அத்தையும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் போகவில்லை.

உங்கள் பக்கம் டெலிபோன் எடுக்காதது எனக்கு வசதி. எடுத்தாலும் 'ம்' என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வராது என்று உனக்குத் தெரியும்.

வேலை கிடைத்ததைச் சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறேன். கழுவி, நீராவியில் வேகவைத்து, உலர்த்தி, அடுக்க வேண்டும். "வீட்டுல பாத்திரம் மலையாக் கிடக்கு, இவ பஸ் ஏறிப் போயி ஊரான் பாத்திரம் கழுவுறா" என்று அத்தை தினமும் ஒருமுறை சொல்லிவிடுகிறாள். கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது. பாத்திரத்து அழுக்கு நம் கையில் ஒட்டும் என்பதற்காக அல்ல. நம் கைத்தோலில் இருக்கும் ஏதோ ஒன்று அவர்கள் வேலை செய்யும் நூலை அரித்துவிடுமாம்.

அந்த நூலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். செல்லுக்குள்ளேயே உண்டாவது. எங்கள் பிரிவில் டாக்டர் லொரேனா என்று ஒருவர் இருக்கிறார். மாட்டு டாக்டர் இல்லை, மனுஷ டாக்டரும் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். அவர் ஒரு புதுவித நூலைச் செல்களே நூற்றுக்கொள்ளும்படி செய்திருக்கிறார். அதில் இரண்டு மடிப்புகள். முதல் மடிப்பில் ஒரே ஒரு மருந்துதான் பொருந்தும். அது வந்து உட்கார்ந்தால்தான் இரண்டாவது மடிப்புக்கு உருவம் வரும். தட்டில் ஒரு சாயம் கலந்திருப்பார்கள். சும்மா கிடக்கும்போது அது ஒளிராது. இரண்டாவது மடிப்பில் சிக்கினால் பச்சையாக ஒளிரும். வாரை இழுத்துக் கொக்கி மாட்டினால்தான் சேணம் குதிரைமேல் நிற்கும், இல்லையென்றால் சரிந்து தொங்கும் அல்லவா, அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். இதைச் சென்சார் என்கிறார்கள். மருந்து உடம்புக்குள் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கிருமி ஒளிந்திருக்கும் செல்லுக்குள் எவ்வளவு போகிறது என்பதை, செல்லை உடைக்காமல், அது உயிரோடு இருக்கும்போதே பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

நேற்று கதவைப் பிடித்துக்கொள்ள என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார். திரையில் தட்டுகளின் படம் வந்தது. மருந்து ஊற்றிய தட்டு பச்சை, அது சரி. பூச்சியம் என்று எழுதிய தட்டும் பச்சை, கொஞ்சம் மங்கல். நான் பார்த்ததை அவர் எனக்கு முன்பே பார்த்திருந்தார். "இதுல நான் என்ன ஊத்தினேன்? ஒண்ணும் ஊத்தலை. அப்புறம் யாரைப் பாத்து இது பல்லைக் காட்டுது?" என்று கேட்டார். திரையிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

அண்ணியைக் குனிந்து வேலை செய்ய விடாதே.

உன் தங்கை
யாமிலா


பண்ணை, துராஸ்னோ
மார்ச் 22

ஒல்லிக்கு,

உன் கடிதத்தைப் பஸ் டிரைவர் பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மாவட்டம் சுற்றிக் காட்டியிருக்கிறார். வந்து சேர்ந்துவிட்டது. ரோமினா சாப்பிட்டு, தூங்கி, என்னைத் திட்டி, நன்றாக இருக்கிறாள். பிள்ளை உதைக்கிறது. குதிரைக்காரன் பிள்ளை உதைக்காமல் என்ன செய்யும்.

நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "உசுரோட இருக்கிற செல்லுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறாங்களா? அப்படியே எம் புருசன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னும் பாத்து எழுதச் சொல்லு" என்கிறாள். எந்தச் சாயம் ஊற்றினாலும் ஒளிராது என்று பதில் எழுதிவிடு.

இங்கே கோடை பொல்லாதது. குளங்கள் வற்றிச் சேறாகிவிட்டன. ஜனவரியில் தூசியும் ஈயுமாகச் சேர்ந்து மாடுகளுக்குக் கண்நோய் வந்தது. கண்ணில் வெள்ளை படர்ந்து, நீர் வழிந்து, பார்வை தெரியாமல் வேலியில் போய் முட்டும். மந்தை முழுவதற்கும் ஒற்றை ஆளாக நான்தான் ஊசி போட்டேன். கட்டைவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆனால் அந்த மஞ்சள் மருந்து கெட்டிக்கார மருந்து. வாரம் திரும்புவதற்குள் கண் திறந்துவிட்டது. புல் இல்லை என்று சினையாக இருந்த கிழப்பசுக்களை விற்றுவிடச் சொன்னார் முதலாளி. லாரி வந்தபோது ஒன்றுகூட முட்டிக்கொள்ளாமல் தானாக நடந்து ஏறின. கங்காணி ஃபவுஸ்தோ ஐயா என் முதுகில் தட்டி, "ராசியான கைடா உனக்கு" என்றார்.

சும்மா தட்டவில்லை. வெந்நீர்க் குழாய் வைத்த கல்வீட்டை, பிள்ளை பிறப்பதற்குள் எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தகரக் கொட்டகையில் ஒரு குளிர்காலத்தைப் பிள்ளையோடு கழிக்க முடியாது. ரோமினா இப்போதே அங்கே எந்தச் சுவரில் எதை மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தையே விட்டவள், டாக்டருக்குக் கதவு பிடிக்கிறாய். விடாமல் பிடி.

அத்தையின் முழங்காலுக்கு உடும்புக் கொழுப்பு ஒரு புட்டி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். நாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்.

வில்மார்


மொண்டேவீடியோ
ஏப்ரல் 11

அண்ணாவுக்கு,

உடும்புக் கொழுப்பு வந்தது. அத்தை பூசிக்கொண்டாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு நாய் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. வலி குறைந்ததா என்று கேட்டால், "அதை நாய்கிட்டயே கேளு" என்கிறாள். குறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், நேற்று சந்தைக்கு நடந்தே போனாள். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைக்கு நான் பின்னும் மேல்சட்டையில் ஒரு கை முடிந்துவிட்டது.

டாக்டர் லொரேனா அந்த நூலை ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்து பார்த்தார். பூச்சியத் தட்டு அப்போதும் பச்சைதான். பிரிவின் தலைவர் பேராசிரியர் உபால்தோ கழுவும் அறை வாசலில் நின்றபடியே அவரிடம் சொன்னார்: "உன் சென்சார் பொய் சொல்லுது, லொரேனா. கசியுதுன்னு எழுதி மூடி வச்சிட்டு வேற சோலியைப் பாரு." டாக்டர் லொரேனாவின் வேலை ஜூலைக் கடைசியோடு முடிகிறது. இது சரியாக வந்தால் நீட்டிப்பார்கள். வராவிட்டால் அவர் சால்டோவுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க வேண்டியதுதான். பதினோரு வருஷம் படித்தவர்.

இனி நடந்ததைக் கேள். செல்கள் வளரத் தீனி வேண்டும். அதற்குப் பெயர் சீரம். சினைப்பசுவை அறுக்கும்போது வயிற்றுக் கன்றின் இரத்தத்தை எடுத்து, சிவப்பைப் பிரித்தபின் மிஞ்சும் தேன்நிற நீர். இங்கே எல்லோரும் நம் நாட்டுச் சீரத்தைத்தான் ஊற்றுகிறார்கள். அதைப் பற்றி யாராவது முனகினால் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிடும். நம் மாட்டுக்குப் புல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது, உலகமே நம்மிடம்தான் வாங்குகிறது என்பார். டாக்டர் லொரேனாவும் அப்படி நினைப்பவர்தான். அதனால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள், சாயத்தை, நூலை, மைக்ரோஸ்கோப்பை, என் கழுவலைக்கூட. சீரத்தைச் சந்தேகப்படவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த எங்கள் சீரம் உருகாமல் இருந்தது. அவசரத்துக்கு அடுத்த பிரிவிலிருந்து வெளிநாட்டுப் பாட்டில் ஒன்றைக் கடன் வாங்கி ஊற்றினார். பூச்சியத் தட்டு இருட்டாகிவிட்டது. மருந்து ஊற்றியது மட்டும் பச்சை.

கழுவும் அறைக்கு வந்து என் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். தான் உறிஞ்சிய மாத்தே டீக் குடுக்கையை என் கையில் கொடுத்து, "அது பொய்யே சொல்லலை, யாமிலா. ஒண்ணும் ஊத்தலைன்னு நான்தான் இத்தனை மாசமா பொய் சொல்லிட்டிருந்திருக்கேன்" என்றார்.

அதாவது நம் சீரத்துக்குள்ளேயே அந்த மருந்து இருந்திருக்கிறது. தாய்க்குப் போட்டது வயிற்றுக் கன்றுக்கும் போகுமாம். மருந்தின் பெயர் டெட்ராசைக்ளின். நீ போடும் மஞ்சள் ஊசியின் பெயரும் அப்படித்தான் முடியுமோ? ஊசி போட்ட மாட்டை எவ்வளவு நாள் கழித்து அறுக்க அனுப்பலாம்? உனக்குத் தெரியும் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. எனக்காகத்தான் கேட்கிறேன்.

யாமிலா


பண்ணை
மே 9

ஒல்லிக்கு,

மழை வந்துவிட்டது. குளம் நிறைந்தது, வழியெல்லாம் சேறு, டிரைவர் இரண்டு வாரம் வரவில்லை. ரோமினாவுக்கு முதுகு வலி. மற்றபடி குறையில்லை. நாய்க் கதையைப் படித்துச் சிரித்தோம்.

கல்வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன். சமையலறைக்கு ரோமினா நீலம் கேட்கிறாள். கங்காணி சரி என்றுவிட்டார். குழாயைத் திருகிக் காட்டினார், வெந்நீர் வருகிறது. ரோமினா கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

புட்டிகளில் இருக்கும் பெயரையெல்லாம் நான் படிப்பதில்லை. அதெல்லாம் மாட்டு டாக்டர் பார்த்துக்கொள்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வில்மார்


மொண்டேவீடியோ
மே 14

அண்ணாவுக்கு,

அண்ணியின் முதுகுக்குச் செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம் என்று அத்தை சொல்லச் சொன்னாள். சமையலறைக்கு நீலம் நன்றாக இருக்கும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சுண்ணாம்பு வேலையில் மறந்திருப்பாய்.

அந்தச் சீரப் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் ஜனவரி என்று இருக்கிறது. எடுத்த இடம் உங்கள் பக்கத்து இறைச்சிக்கூடம். டாக்டர் லொரேனா அவர்களுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வரும் மாடெல்லாம் சுத்தம் என்றாராம். அங்கங்கே ஒன்றை எடுத்துச் சோதிப்பார்களாம், எல்லாவற்றையும் அல்ல.

கேட்பதா வேண்டாமா என்று யோசித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுபடி திறந்திருக்கிறேன். ஜனவரியில் உங்கள் லாரி எங்கே போயிற்று?

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

யாமிலா


பண்ணை
மே 30

நாத்தனாருக்கு,

ரோமினா எழுதுகிறேன். அண்ணனுக்குக் கை வலி, அதனால் நான். (கை வலி என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.)

வீடு மாறிவிட்டோம். குழாயைத் திருகினால் வெந்நீர். ஒரு நாளில் நான் எத்தனை முறை கை கழுவுகிறேன் என்று பார்த்தால் நீயே எனக்கு உன் வேலையைக் கொடுத்துவிடுவாய். உன் அண்ணனைக் கங்காணிக்கு அடுத்த ஆளாக வைத்திருக்கிறார்கள். சொந்தக் குதிரை கொடுத்திருக்கிறார்கள், கறுப்பு, கொஞ்சம் திமிர் பிடித்தது. கங்காணியைப் போலவே நடக்கிறது என்று நான் சொன்னேன், வில்மார் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குச் சிரித்திருப்பார்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சாப்பாட்டில் உட்கார்ந்தால் தட்டைப் பார்க்கிறார், எழுந்து போகிறார். நான் என்ன என்று கேட்கவில்லை. நீயும் கேட்காமல் இருந்தால் நல்லது. நீ கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கலாம்.

மேல்சட்டை முடிந்ததா? இரண்டாவது கையும் முதல் கை அளவே இருக்கட்டும். நம் குடும்பத்தில் ஒருத்தராவது ஒழுங்காக உடுத்தட்டும்.

உன் அண்ணி
ரோமினா


மொண்டேவீடியோ
ஜூன் 6

அண்ணா, அண்ணி இருவருக்கும்,

வீடு மாறியதில் எனக்கும் அத்தைக்கும் சந்தோஷம். மேல்சட்டையை டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு கையும் ஒரே அளவுதான், வைத்துப் பார்த்தேன்.

நான் இனி ஒன்றும் கேட்கவில்லை. செய்தியை மட்டும் எழுதுகிறேன். எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

சீரம் விற்கும் ஆட்கள் போன வாரம் சிரித்த முகத்தோடு வந்தார்கள். பழைய பாட்டில்களை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுக்கிறோம் என்றார்கள். டாக்டர் லொரேனா அன்று வரவில்லை. பேராசிரியர் உபால்தோ நல்ல மனதோடு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். டாக்டர் லொரேனாவின் ஃப்ரீசரில் அவர் திறந்து வைத்திருந்த பாதிப் பாட்டில் ஒன்றுதான் மிச்சம்.

அவர்கள் இருவரும் சண்டை போட்டதை நடைக்கூடம் முழுவதும் கேட்டது. பேராசிரியர் சொன்னது இதுதான்: "சீரத்துல மருந்து இருக்குன்னு உன் சென்சார் சொல்லுது. உன் சென்சார் சரியான்னு கேட்டா சீரத்தைக் காட்டுறே. நாய் வாலைத் துரத்துற மாதிரி இருக்கு. வெளியாள் ஒருத்தன் சாட்சி சொல்லணும்." அது நியாயம்தான் என்று டாக்டர் லொரேனாவும் பிற்பாடு ஒப்புக்கொண்டார். சாட்சி ஓர் இயந்திரம். ஊருக்கு வெளியே இன்னொரு கூடத்தில் இருக்கிறது. எந்த மருந்து எவ்வளவு என்று எடை போட்டுச் சொல்லிவிடும். அங்கே வரிசை. எங்கள் முறை ஜூலையில் வருகிறது. அது மருந்து இருக்கிறது என்று சொன்னால் அரசாங்கத்துக்கு எழுதுவார்கள். மாட்டின் காதில் போட்ட எண்ணை வைத்து, அன்று அறுத்தவை எந்தெந்தப் பண்ணை மாடுகள் என்று அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

அந்தப் பாதிப் பாட்டிலில் டாக்டர் லொரேனா சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறார்.

யாமிலா


பண்ணை
ஜூன் 12

யாமிலாவுக்கு,

ரோமினா தூங்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். அவளுக்கு இது தெரிய வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில். எங்கள் லாரி அங்கேதான் போயிற்று. அந்த மருந்து அந்த மருந்துதான். புட்டியிலேயே எழுதியிருக்கிறது, ஊசி போட்டால் இருபத்தெட்டு நாள் அறுக்க அனுப்பக்கூடாது என்று. எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன். கங்காணியிடம் சொல்லவும் சொன்னேன். கண் வெளுத்த மாட்டைக் கூடத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான், இங்கே நின்றால் புல் இல்லாமல் சாகும் என்று சொல்லி, "சாகுற மாட்டுக்கு நாள் கணக்கு பாக்குறியாடா" என்றார். போட்டேன். வாரம் திரும்புவதற்குள் ஏற்றினோம்.

உன் கடிதம் வந்தபின் அவரிடம் பேச்சுவாக்கில், யாராவது விசாரித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மாத்தேயை உறிஞ்சி முடித்தார். அப்புறம் சொன்னார்: "ஊசி யாரு கையில இருந்துச்சு? உன் கையில. நான் அன்னைக்குக் குதிரைமேல தூரத்துல இருந்தேன்."

புரிகிறதா? மாட்டிக்கொள்ளப்போவது அவர் இல்லை, நான். வேலை போனால் வீடும் அன்றே போகும், இந்த மாவட்டத்தில் வேறு எந்தப் பண்ணையும் என்னைக் கூப்பிடாது. பிள்ளை ஜூலையில் பிறக்கிறது.

உனக்கு நான் என்றைக்கும் பாரம் கொடுத்ததில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாட்டில்கள் கழுவ வருவதும் நீ கழுவுவதும் தினமும் நடப்பது. ஒன்று கூடுதலாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொள். உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் நீ பேசாத பெண் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த டாக்டருக்குப் படிப்பு இருக்கிறது. அவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்.

வில்மார்


மொண்டேவீடியோ
ஜூன் 21

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே விடாமல் மழை. அத்தை மாவைத் தட்டிப் பொரித்தாள், நான் டாக்டர் லொரேனாவுக்கும் நாலு எடுத்துப் போனேன். அவர் தின்றுகொண்டே, டாக்டர் என்று கூப்பிடாதே, லொரேனா என்று சொன்னால் போதும் என்றார். எனக்கு வாய் வரவில்லை.

நீராவிப் பானையின் மூடி இறுகிக்கொண்டு திறக்கவில்லை. மெக்கானிக் வந்து சரிசெய்தார். கையுறை புதிதாக வந்திருக்கிறது, பழையதைவிட மெல்லியது.

அண்ணியை ஈரத்தில் நடக்க விடாதே.

யாமிலா


துராஸ்னோ, ஆஸ்பத்திரி
ஜூலை 3

நாத்தனாருக்கு,

நீ அத்தையாகிவிட்டாய். பெண். அபிகாயில். மூன்றே கால் கிலோ, தலை நிறைய முடி, குரல் மட்டும் உன்னைப் போல இல்லை. உன் மேல்சட்டையைத்தான் முதலில் போட்டோம். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். குளிப்பாட்ட வெந்நீர் இருக்கிறது என்று நான் நர்ஸிடம்கூடப் பெருமை அடித்துவிட்டேன்.

வில்மார் காலையில் வந்து பிள்ளையைத் தூக்கினார். உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று ஒவ்வொரு நாளும் டிரைவரைக் கேட்கிறாராம். உங்களுக்குள் என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒரு வரி எழுதிப் போடு, அந்த மனிதர் தூங்கட்டும்.

மதியமே கிளம்பிவிட்டார், வேலை தலைக்குமேல். மழையில் நின்று நின்று மாடுகளுக்குக் குளம்பு அழுகுகிறது. நேற்று முழுக்க ஊசிதானாம், இன்று மதியத்துக்கு மேலும் அதேதானாம். வரும் பதினைந்தாம் தேதி லாரி வருகிறது, அதற்குள் எல்லாம் நொண்டாமல் நடக்க வேண்டும் என்று கங்காணி பறக்கிறார்.

பெரியவளானதும் இவளைப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்க வைத்துப் படிக்கச் சொன்னால் ஊரே கேட்கும். அப்படி ஒரு தொண்டை.

ரோமினா


மொண்டேவீடியோ
ஜூலை 8

அண்ணா,

அபிகாயில் பிறந்ததில் எனக்கும் அத்தைக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அண்ணிக்குப் பால் சரியாக வருகிறதா? நீ தூங்குகிறாயா?

இந்தக் கடிதத்தை டிரைவரிடம் நேரில் கொடுத்து, நேரே உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். லாரிக்கு முன் வந்துவிடும்.

அண்ணியின் கடிதம் நேற்று வந்தது. பஸ்ஸில் படித்தேன். பிள்ளையின் தலைமுடியைப் பற்றிப் படித்துவிட்டு, நீ சொன்னதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதை உனக்கு மறைக்கவில்லை. மதியம் டாக்டர் லொரேனா வெளியே போயிருந்தார். ஃப்ரீசரைத் திறந்து, சிவப்பு நாடா ஒட்டிய பாட்டிலை எடுத்துக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கல்லாக உறைந்திருந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். எங்கள் குழாயில் சூடு வர நேரமாகும். அதற்குள் இன்னொரு முறை படிக்கலாம் என்று அண்ணியின் கடிதத்தை எடுத்தேன். அப்போதுதான் குளம்பு அழுகுவதையும், ஊசியையும், பதினைந்தாம் தேதியையும் சேர்த்துப் படித்தேன். பஸ்ஸில் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

இந்தப் பாட்டிலைக் கழுவினால் அடுத்ததையும் கழுவ வேண்டும். குழாயை மூடினேன்.

பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் லொரேனா திரும்பி வந்ததும் எழுந்து நின்றேன். எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்தால் ஊசி போட்ட உன் கை மட்டும் தாளில் நிற்கும், போடச் சொன்ன கங்காணியின் வாய் விட்டுப்போகும் என்று பயமாக இருந்தது. அதனால் வாயால் சொன்னேன். "லொரேனா, அந்த மாடுங்களுக்கு ஊசி போட்டது எங்க அண்ணன். போடச் சொன்னது கங்காணி. வேண்டாம்னு அண்ணன் சொன்னாரு, அவரு கேக்கலை. இப்பவும் போட்டுக்கிட்டிருக்காங்க. பதினஞ்சாம் தேதி லாரி." இவ்வளவையும் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தியிருந்தால் மறுபடி வந்திருக்காது.

அவர் கையுறையைக் கழற்றினார். அண்ணனுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். வேலையும் வீடும் போகும் என்றேன். பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். "நான் எழுதுறதுல உங்க அண்ணன் பேரு வராது. ஆனா அரசாங்கத்துக்காரன் வந்து நேரா கேட்டா, தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், யாமிலா. இதை நீ இப்பவே தெரிஞ்சுக்கணும்" என்றார். தெரிந்துகொண்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போன் செய்து, முறைக்காகக் காத்திருக்க முடியாது என்று அவர் கத்தியதை நான் முதல்முறையாகக் கேட்டேன். இன்று காலை வரச் சொன்னார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு போனேன். பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தோம். பதில் வாரக் கடைசியில் தெரியுமாம்.

அதனால் உனக்கு நான்கைந்து நாள் இருக்கிறது. பதினைந்தாம் தேதி அந்த மாடுகளை நீ ஏற்றாதே. மாட்டு டாக்டரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ நீயே போய்ச் சொல்லிவிட்டால், ஊசியைப் பிடித்தவனாக மட்டும் இருக்க மாட்டாய், உண்மையைச் சொன்னவனாகவும் இருப்பாய் என்று லொரேனா சொல்கிறார். அப்படிச் சொன்னாலும் வீடு தங்காது என்று எனக்குத் தெரியும். அண்ணி என்மேல் கோபப்படுவாள். படட்டும். உனக்கும் இருக்கும்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் என்னைத் திட்டினாள், அப்புறம் உன்னை, அப்புறம் கங்காணியின் பரம்பரையை. முடித்துவிட்டு, "கைப்பிள்ளை ராத்திரியெல்லாம் அழும், எனக்குத் தூக்கம் போயிடும், பாத்துக்க" என்றாள். நான் என் கட்டிலைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அறையில் அவளுடைய பெரிய கட்டிலை உங்கள் மூவருக்கும் போட்டு விரித்திருக்கிறேன்.

யாமிலா